டிராமுக்கு மின்சாரம் தந்த பழைய பவர் ஹவுஸ்: முகப்பைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய டிராம் பவர் ஹவுஸ் ஒன்றின் முன்னால் போய் நின்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தெருவைப் பார்த்த முகப்பை அண்ணாந்து பார்த்து, வளைந்த ஜன்னல்களையும் செங்கல் வேலைப்பாட்டையும் நாலு படம் எடுத்துக்கொண்டு, "என்னமா கட்டியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று பள்ளிக்கூடம் மாதிரி, இன்னொன்று தேவாலயம் மாதிரி, அவ்வளவுதான். இந்தக் கட்டடங்களில் முகப்பு என்பது கடைசியாகப் போட்ட சட்டை என்பது அப்புறம்தான் புரிந்தது. உள்ளே இருந்த கொதிகலனும் எஞ்சினும்தான் உடம்பு. உடம்பின் அளவு தெரிந்துவிட்டால் சட்டை எங்கே இறுக்கிப் பிடிக்கிறது, எங்கே வெறும் அலங்காரத்துக்கு மடிப்பு வைத்திருக்கிறார்கள் என்பது தானாகவே கண்ணில் படும். அதனால் இங்கே நாம் கொல்லைப்புறத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் கொஞ்சம் மின்சாரம், இது இல்லாமல் எதுவும் ஒட்டாது. 1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் ஒரு முழு டிராம் பாதையை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு நகரம் நகரமாகக் குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரத்துக்கு மாறத் தொடங்கின. அந்த வண்டிகளுக்கு வேண்டியது ஏறக்குறைய 500 முதல் 600 வோல்ட் வரை டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து இழுத்துக் கிளம்புவதற்கு அன்றைக்கு டிசி சீரிஸ் மோட்டாரை அடிக்க ஆள் இல்லை. ஆனால் இந்த வோல்ட்டேஜில் டிசியைத் தூரம் கொண்டுபோக முடியாது. சில மைல் போவதற்குள் கணிசமான பங்கு கம்பியிலேயே சூடாகிப் போய்விடும், அதைத் தடுக்கக் கம்பியைத் தடிமனாக்கினால் செம்பு வாங்கியே கம்பெனி திவாலாகிவிடும். ஆகவே மின்நிலையம் பாதைகள் கூடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அதாவது ஊருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நிலக்கரியை எரித்துப் புகை கக்குகிற ஒரு ஆலை, வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில். அந்தச் சட்டை ஏன் அவ்வளவு நேர்த்தியாகத் தைக்கப்பட்டது என்பதற்கு இதுதான் காரணம், ஆனால் அதற்குக் கடைசியில் வருவோம்.

போவதற்கு முன்னால்

ஒரு மாலைப் பொழுதைப் பழைய வரைபடங்களுக்கு ஒதுக்குங்கள், வீண்போகாது. கட்டடம் அமெரிக்காவில் இருந்தால் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து வரைந்தவை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏராளமான தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் நிறமே பேசும்: இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல், சாம்பல் என்றால் இரும்புத் தகடு. கொதிகலன் எந்தப் பக்கம், எஞ்சின் எந்தப் பக்கம், புகைபோக்கி எங்கே என்றெல்லாம் குறித்திருப்பார்கள். வெவ்வேறு வருடத் தாள்கள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கட்டடம் எந்தத் திசையில் வளர்ந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே நூலகத்தில் வரலாற்றுப் பொறியியல் ஆவணத் திட்டத்தின் அளவெடுத்த வரைபடங்களும் உண்டு. சியாட்டில் ஜார்ஜ்டவுன் நீராவி மின்நிலையம் போன்றவற்றுக்கு இயந்திரங்களோடு சேர்த்தே வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டிராம் தொழில் பத்திரிகைகளும் புதிதாக ஒரு பவர் ஹவுஸ் திறந்தால் வரைபடத்தோடும் புகைப்படத்தோடும் பக்கம் பக்கமாக எழுதும், ஸ்கேன் செய்த பிரதிகள் தேடினால் கிடைக்கும். மற்ற நாடுகளில் நகராட்சிப் பதிவுகளையும் அரசு நில அளவைத் தாள்களையும் பாருங்கள்.

தண்ணீரையும் கரியையும் தேடுங்கள்

அங்கே போனதும் முதல் வேலை, கட்டடத்தைப் பார்க்காமல் அதைச் சுற்றி நடப்பது. நீராவி மின்நிலையத்துக்கு இரண்டு பசி: கரி, தண்ணீர். கொதிகலனுக்குள் போகிற தண்ணீர் கொஞ்சம்தான். வேலை முடிந்து வருகிற நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சருக்குத்தான் ஆறு ஆறாக வேண்டும். அதனால் ஆற்றங்கரை, கால்வாய், துறைமுகம் என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து டிராம் மின்நிலையம் துறைமுக நீரை ஒட்டியே நிற்கிறது. லண்டனில் கிரீனிச் மின்நிலையம் தேம்ஸ் கரையில் இருக்கிறது, கரிக் கப்பல் வந்து நிற்கக் கட்டிய பெரிய துறை இன்னும் ஆற்றுக்குள் தூண்களில் நிற்பதைப் பார்க்கலாம்.

தண்ணீர் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அவசரப்பட்டு இது மின்நிலையமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜார்ஜ்டவுன் நிலையத்தை 1906-இல் துவாமிஷ் ஆற்றின் வளைவு ஒன்றில் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடித்து ஏறக்குறைய பத்து வருடத்துக்குள் கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றை நேராக்கிவிட்டார்கள், ஆறு நிலையத்தை விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விட்டது! பிறகு தனியாக ஒரு பம்ப் ஹவுஸ் கட்டித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருப்பது விமான நிலையம். ஆற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கரிக்கு ரயில் பாதையின் மிச்சம், உயரமான ஒரு சாய்தளத்தின் அடித்தளம், சுவரின் மேல்பகுதியில் பிற்பாடு அடைத்துவிட்ட பெரிய ஓட்டை, இப்படி எதாவது தென்படும். கரியை மேலே ஏற்றிக் கொதிகலனுக்கு மேல் தொட்டிகளில் கொட்டி வைத்து, அங்கிருந்து தானாகக் கீழே சரியவிடுவதுதான் பெரிய நிலையங்களின் வழக்கம். கொதிகலன் கட்டடம் ஏன் அவ்வளவு உயரம் என்று யோசித்தால் இதுவும் ஒரு காரணம்.

இரட்டைக் கட்டடம்

இப்போது சுவரைப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்கள் உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கட்டடங்கள். ஒன்று கொதிகலன்கள் இருந்த கூடம், மற்றது எஞ்சின்கள் இருந்த கூடம். நடுவில் தடித்த சுவர், தீயும் கரித்தூசியும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காக. எஞ்சின் சுழற்றும் மின்னாக்கிக்குள் (ஜெனரேட்டர்) கரித்தூள் போனால் அதன் கதை முடிந்தது. வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டமில்லை. கொதிகலன் பக்கம் முரட்டுத்தனமாக இருக்கும், மலிவான செங்கல், சின்ன ஜன்னல், கூரையில் காற்றுப்போக்கி, பக்கத்தில் புகைபோக்கி அல்லது புகைபோக்கியை இடித்துவிட்டு மீதி விட்ட அடிப்பீடம். எஞ்சின் பக்கம் உயரமான வளைந்த ஜன்னல்கள் வரிசையாக நிற்கும். அது தேவாலயத்தைப் பார்த்துக் காப்பியடித்ததல்ல. பெரிய இயந்திரங்களைப் பார்த்துப் பராமரிக்கப் பகல் வெளிச்சம் வேண்டும், அவை வெளியே விடும் வெப்பம் மேலே ஏறிப் போக வழி வேண்டும், இரண்டுக்கும் ஒரே பதில் உயரமான ஜன்னல்.

ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சுவரோடு ஒட்டிய தடித்த தூண்கள் இருக்கிறதா? அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள், நானும் அப்படி நினைத்தவன்தான். உள்ளே இரண்டு நீளச் சுவர்களின் மேல்பகுதியிலும் ஒரு தண்டவாளம் ஓடும், அதன்மேல் கூடத்தின் அகலம் முழுக்க நீண்ட கிரேன் ஒன்று நகரும். பல டன் எடையுள்ள ஃப்ளைவீலையோ (எஞ்சினைச் சீராகச் சுற்றவைக்கும் கனமான சக்கரம்) ஆர்மெச்சரையோ (மின்னாக்கிக்குள் சுற்றும் பகுதி) தூக்கிக்கொண்டு அந்தக் கிரேன் போகும்போது அந்தப் பாரத்தைத் தரையில் இறக்குவது இந்தத் தூண்கள்தான். தூணின் தடிமன் ஒரு உயரத்தில் சட்டென்று குறைந்தால், கிரேன் ஓடிய உயரம் ஏறக்குறைய அதுதான்.

இயந்திரத்தை வைத்து வருடத்தைச் சொல்வது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1890 வாக்கில் கட்டிய நிலையங்களில் எஞ்சின் தனி, டைனமோ, அதாவது டிசி மின்னாக்கி, தனி. நடுவில் தோல் பட்டைகள். பட்டை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் வேண்டும். அதனால் கூடம் விரிந்து பரந்து கிடக்கும், சில இடங்களில் டைனமோக்கள் தனித் தளத்திலேயே இருக்கும். பத்து வருடத்துக்குள் இது மாறிவிட்டது. எஞ்சினின் அச்சிலேயே டைனமோவை மாட்டிவிட்டார்கள், பட்டை போயிற்று, கூடம் ஒடுங்கியது. ஆனால் எஞ்சின்கள் பெரிதாகிக்கொண்டே போயின, ஃப்ளைவீலின் பாதி தரைக்குக் கீழே ஒரு குழிக்குள் சுற்றும், ஒவ்வொரு எஞ்சினுக்கும் கீழே ஒரு வீடு அளவுக்குச் செங்கல்லோ கான்கிரீட்டோ போட்டு அஸ்திவாரம். இந்த வகைக் கட்டடத்தின் நிலவறைக்குள் போகக் கிடைத்தால் அந்தப் பாளங்கள் மட்டும் யானைக்கூட்டம் மாதிரி வரிசையாக நிற்கும், எஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

பிறகு நீராவி டர்பைன் வந்தது, நீராவி பாய்ந்து சுற்றவைக்கும் இறக்கைச் சக்கரம். முன்னும் பின்னும் குதிக்கிற பிஸ்டன் இல்லை, ஃப்ளைவீல் இல்லை, அதே சக்திக்குப் பழைய எஞ்சின் பிடித்த இடத்தில் சின்னதொரு பங்கு போதும். ஜார்ஜ்டவுனில் இருப்பவை கர்டிஸ் வகைச் செங்குத்து டர்பைன்கள், ஒன்று 3,000 கிலோவாட், இன்னொன்று 8,000 கிலோவாட். படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்த இயந்திரங்கள் அவை, மின்னாக்கி மேலே, டர்பைன் கீழே. பின்னால் வந்த மூன்றாவது டர்பைன் படுக்கை வகை. பெரிய நீராவி டர்பைன்களின் முதல் தலைமுறையில் இப்படி இருந்த இடத்திலேயே முழுதாக மிஞ்சியவை மிகமிக அரிது, 1984-இல் அந்த நிலையத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததற்கு அந்த இயந்திரங்கள்தான் முக்கியக் காரணம். கட்டடமும் சாதாரணமில்லை. அதைக் கட்டியவர் ஃபிராங்க் கில்பிரெத், பின்னாளில் வேலையாட்களின் ஒவ்வொரு அசைவையும் அளந்து ஆராய்ந்து பெயர் பெற்றவர். முழுக்க இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், ஆனால் வெளியே பார்த்தால் கிரேக்க ரோமானிய பாணியின் சாயல். செங்கல்லை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள், பலகை அடித்து வார்த்த தடம் சுவரில் எங்கெங்கே தெரிகிறது என்று தேடிப் பாருங்கள்.

எஞ்சினிலிருந்து டர்பைனுக்கு மாறியதை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கிரீனிச்தான். லண்டன் கவுன்டி கவுன்சில் தன் டிராம்களுக்காக 1902-க்கும் 1910-க்கும் இடையில் இரண்டு கட்டமாகக் கட்டியது. இடம் எதுவென்றால், உலகமே நேரம் பார்த்த ராயல் வானாய்வகத்திலிருந்து ஒரு மைல்கூட இல்லை, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையின் மேல். முதல் கட்டம் 1906-இல் ஓட ஆரம்பித்ததும் வானாய்வகம் கூச்சல் போட்டது: எஞ்சின் அதிர்வில் தொலைநோக்கி நடுங்குகிறது, புகைபோக்கி வானத்தை மறைக்கிறது. விசாரணைக் குழு போட்டார்கள். முடிவில் இரண்டாம் கட்டத்தில் குதிக்கும் எஞ்சின்களுக்குப் பதில் டர்பைன்கள் வந்தன, அந்தப் பக்கத்துப் புகைபோக்கிகளையும் முதல் இரண்டைவிடக் குட்டையாகவே கட்டினார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் சண்டை போட்டு ஒரு கட்டடத்தின் உயரத்தை மாற்றியது எனக்குத் தெரிந்து இங்கேதான். டிராம்கள் போய் எத்தனையோ வருடமாகிறது, லண்டன் பாதாள ரயிலுக்கு அவசரகால மின்சாரம் தருவதற்காக அந்த நிலையம் இன்னமும் வேலையில் இருக்கிறது.

ஒரு ஓரச் சுவர் மட்டும் வேறாக இருந்தால்

நான்கு சுவரில் மூன்று நல்ல செங்கல், ஒன்று மட்டும் தகரம், அல்லது பிற்காலத்துச் செங்கல், அல்லது எந்த வேலைப்பாடும் இல்லாத மொட்டைச் சுவர். காசு தீர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. ஊர் வளரும், வண்டி கூடும், இன்னும் இரண்டு எஞ்சின் வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக விட்டு வைத்தார்கள். இடித்துவிட்டு நீட்டிக்கொள்ளலாம். நீட்டாமலேயே டிராம் காலம் முடிந்துபோன கட்டடங்கள் நிறைய.

சப்ஸ்டேஷனை மின்நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள்

இந்தத் தவறு எல்லோரும் செய்வதுதான். பாதைகள் நீண்டபோது ஒரே நிலையத்திலிருந்து டிசி அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. அதனால் பெரிய நிலையத்தில் உயர் வோல்ட்டேஜ் ஏசியாகச் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) செய்து, பெரும்பாலும் 25 ஹெர்ட்ஸில், ஊரின் பல மூலைகளுக்கு அனுப்பி, அங்கே ரோட்டரி கன்வெர்ட்டர் என்ற சுற்றும் இயந்திரத்தால் 600 வோல்ட் டிசியாக மாற்றினார்கள். அந்த இயந்திரம் இருந்த சிறு கட்டடம்தான் சப்ஸ்டேஷன். புகைபோக்கி இருக்காது, கரிப்பாதை இருக்காது, தண்ணீர் தேவையில்லை. ஒரே கூடம், உயரமான கதவு, சுவரின் மேல்பகுதியில் கம்பி உள்ளே வந்த வட்ட ஓட்டைகள். அளவில் சின்னது, முகப்பில் மட்டும் வங்கி மாதிரி பந்தா. வீடுகளுக்கு நடுவில் இருந்ததால் அந்தப் பந்தா.

கம்பி வெளியே போன வழியைப் பெரிய நிலையத்திலும் தேடுங்கள். தரைக்கடியில் குழாய் வழியாகப் போயிருந்தால் தெருவில் பழைய இரும்பு மூடிகள் இருக்கலாம், கம்பெனியின் எழுத்துகளோடு. இந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிஸ்டல் சாட்சி. 1941 ஏப்ரல் 11, புனித வெள்ளி இரவு, குண்டு விழுந்தது பக்கத்திலிருந்த செயின்ட் பிலிப்ஸ் பாலத்தின்மேல். மின்நிலையம் நின்றது, ஆனால் பாலத்தோடு போன மின் இணைப்பு அறுந்தது. அதோடு பிரிஸ்டலில் டிராம் ஓடவே இல்லை. பாலத்தின் அருகே நின்று கட்டடத்தைப் பாருங்கள், இடைவெளி சில அடிகள்தான்.

உள்ளே போனால்

திறந்து காட்டும் நாளில் முறையாகப் போங்கள், பூட்டு உடைந்த கதவு வழியாக நுழைய வேண்டாம், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். எஞ்சின் எடுத்த குழிகள் பலகை போட்டு மூடியிருக்கும், பலகை உளுத்திருக்கும். குழாய்களைச் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ். பிற்காலத்தில் ஏசியை டிசியாக்கும் பாதரச ரெக்டிஃபையர் வைத்திருந்த இடமென்றால் பாதரசம் சிந்தியிருக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைத் தொடவே கூடாது.

உள்ளே முதலில் மேலே பாருங்கள்: ரிவெட் அடித்த இரும்புக் கூரைச்சட்டம், கிரேன் இருந்தால் அதன் பக்கவாட்டில் எத்தனை டன் தூக்கும் என்று எழுதியிருக்கும், அந்த எண்ணை வைத்தே உள்ளே இருந்த மிகப்பெரிய இயந்திரத் துண்டின் எடையை ஊகிக்கலாம். அப்புறம் ஒரு பக்கம் மாடம் மாதிரி உயர்த்திய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்ச்போர்டு அங்கேதான் இருந்திருக்கும், பளிங்கு அல்லது ஸ்லேட் கல் பலகைகளில் மீட்டர்களையும் சுவிட்சுகளையும் பதித்து. பளிங்கு பணத்திமிருக்கு என்று நினைப்போம், அது மின்சாரத்தைக் கடத்தாது, தீப்பிடிக்காது, அதுதான் காரணம். சுவரில் பளபளக்கும் வெள்ளைச் செங்கல் பதித்திருந்தால் அதுவும் அப்படித்தான், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், எண்ணெய்க் கறையைத் துடைத்துவிடலாம்.

வேறு உபயோகத்துக்கு மாறிய கட்டடமென்றால் பெரிய கூடத்தை மாடி மாடியாகப் பிரித்துவிட்டார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. சிட்னியின் அல்டிமோ பவர் ஹவுஸ் 1899-இல் டிராமுக்காகத் திறந்தது, 1963-இல் மூடியது, 1988-இல் அருங்காட்சியகமாக மறுபடி திறந்தது. பெரிய பெரிய பொருள்களை வைக்க அந்த உயரம் வசதியாகப் போயிற்று. வெளிச்சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே தளம் தளமாகப் போட்டு அடுக்குமாடி ஆக்கிய இடங்களும் உண்டு. இடிக்காமல் விட்டார்களே என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் பவர் ஹவுஸ் என்பது அந்த வெற்றிடம்தான், அது போனால் மிஞ்சுவது தோல்.

இப்போது முகப்பு

சரி, இனி தெருப்பக்கம் வாருங்கள். சாய்வான வெயில் அடிக்கிற நேரமாக இருந்தால் செங்கல்லின் நெளிவு சுளிவு நன்றாகத் தெரியும்.

டிராம் கம்பெனிக்கு ஊர்த்தெருவில் தண்டவாளம் போடும் உரிமையைத் தந்தது நகராட்சி. அந்த உரிமை காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும், கட்டண உயர்வுக்குக் கெஞ்ச வேண்டும். ஊருக்கு நடுவில் புகை விடுகிறவன் பார்க்கவாவது கண்ணியமானவனாக இருக்க வேண்டாமா? அதனால் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர்களைக் கூப்பிட்டார்கள். பாஸ்டனில் 1890-களின் தொடக்கத்தில் வெஸ்ட் எண்ட் டிராம் கம்பெனி ஹாரிசன் அவென்யூவில் கட்டிய மையநிலையத்துக்கு வில்லியம் பிரெஸ்டன், சான்பிரான்சிஸ்கோவில் ஜெனிவா டிராம் பணிமனைக்கு ரீட் சகோதரர்கள், பிரிஸ்டலில் 1899-இல் அப்போது இளைஞராக இருந்த வில்லியம் கர்டிஸ் கிரீன். அவர் பிற்காலத்தில் லண்டன் பிக்கடில்லியில் ஆடம்பரக் கட்டடங்கள் கட்டியவர்.

பிற்பாடு கட்டிய மாற்றங்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அலங்காரத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: நீ எதைச் சுமக்கிறாய்? அரைவட்ட வளைவு மேல்சுவரின் பாரத்தைப் பக்கத்துத் தூணுக்குத் தள்ளுகிறது, சரி. ஜன்னலுக்கு மேல் படிப்படியாக நீட்டிய செங்கல் வரிசை மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளிவிடுகிறது, சரி. சுடுமண் பலகையில் கம்பெனியின் பெயரெழுத்து ஒன்றையும் சுமக்கவில்லை, அது நகராட்சிக்குப் போடும் கும்பிடு. பக்கச் சுவர் திரும்புகிற மூலையைத் தவறவிடாதீர்கள். பட்டுப்போல் வழவழப்பான முகப்புச் செங்கல் அங்கே இரண்டு மூன்று அடி போய், தெருவிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து சாதாரணச் செங்கல்.

கடைசியாக வளைவுகளை எண்ணுங்கள். வரிசையில் ஒன்று மட்டும் தரைவரை இறங்கி, மற்றவற்றைவிட அகலமாக, இப்போது வேறு நிறச் செங்கல்லால் அடைக்கப்பட்டு இருந்தால், இயந்திரங்களைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோன வாசல் அது. கிரேன் வந்து தூக்குகிற இடம்வரை வண்டியை விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அகலம். நீங்கள் எடுக்கிற முதல் படம் அதுவாக இருக்கட்டும்.